நாற்பத்திரண்டாவது கையசைப்பு

கோஜே தீவின் அந்த மருத்துவமனைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. கடலிலிருந்து ஏறிய பனிமூட்டத்தில் கப்பல் கட்டும் தளத்தின் கிரேன்கள் இடுப்புக்கு மேல் தெரியவில்லை. நடைவழி முழுக்க மருந்து நெடியும் கடற்பாசி சூப்பின் வாடையும்.

என் பெயர் ஓக் சேயோன். பேச்சிழந்த நோயாளிகளுக்கு மணிக்கட்டுப் பட்டை செய்யும் சிறிய கம்பெனியில் வேலை. பட்டையிலுள்ள சென்சார் கையசைவை உணர, கணினி அதைச் சொல்லாக்கித் திரையில் காட்டும். தண்ணீர், வலி, போதும், வா. நான்கே சொற்கள். ஆனால் கணினி அவற்றைக் கற்றுக்கொள்ள, ஒவ்வொரு அசைவையும் ஒருவர் ஐம்பது தடவை செய்து காட்ட வேண்டும்.

ஜன்னலோரப் படுக்கையில் இருந்த பியோன் தொக்சு அதற்குச் சம்மதித்தார். முப்பது வருடம் கப்பல் தளத்தில் கீழே நின்று கிரேன் ஓட்டுபவர்களுக்குக் கையாலேயே சைகை கொடுத்தவர். பக்கவாதம் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. வலது கை மட்டும் மிச்சம்.

"அக்கா, மனுஷன் கையை வீசுற அழகைப் பாருங்க. பேசாம இவரையே கம்பெனில சேர்த்துக்கலாம்" என்றான் என்னோடு வேலை செய்யும் மியோங் இன்சே. கிழவர் பாதி வாயால் சிரித்தார்.

மூன்று சொற்கள் மதியத்துக்குள் முடிந்தன. கடைசியாக 'வா'. உள்ளங்கை கீழே பார்க்க, நான்கு விரல்களும் மடங்கி மடங்கி விரியும்.

முப்பதைத் தாண்டியதும் அவர் கண்ணில் நீர் வழிந்தது. நர்ஸ் மல்யே என் காதருகே குனிந்தாள்.

"போதும், விடும்மா. அவர் கூப்பிட்டா வர்றதுக்கு ஒருத்தரும் இல்ல. பையன் வந்து ஆறு வருஷமாச்சு."

நாங்கள் வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான் ஐயா" என்றேன்.

நாற்பத்தொன்றோடு கை மெத்தையில் விழுந்தது. மறுநாள் விடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

இருந்த நாற்பத்தொன்றை வைத்தே கணினிக்குக் கற்றுக்கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துச் சோதனைக்காக அதே அறைக்கு வந்தோம். அந்தப் படுக்கை காலியாக இருந்தது. நான் கணினியைத் திறந்து அவருடைய பதிவைப் பார்த்தேன்.

நாற்பத்திரண்டு.

"இன்சே, நீ ஏதாவது சேர்த்தியா?"

"நான் எதுக்கு அக்கா சேர்க்கப் போறேன்? ஏதாவது கோளாறா இருக்கும். குடுங்க, நானே போட்டுப் பார்க்கிறேன்."

பட்டையைக் கட்டிக்கொண்டு கையை மேசைமேல் வைத்தான். கை அசையவில்லை. நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் எழுத்து வந்தது.

வா.

"நான் அசைக்கலயே" என்றான் இன்சே, மெதுவாக.

வா.

ஒவ்வொருவர் கையெழுத்தும் வேறு மாதிரி இருப்பதுபோல, ஒவ்வொருவர் கையசைவும் வேறு கோடாகத்தான் பதிவாகும். கிழவரின் அசைவு முடியும் இடத்தில் ஒரு சின்ன நடுக்கம் உண்டு. அந்தக் கோட்டை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

இப்போது திரையில் ஓடியதும் அதே நடுக்கம்தான்.

நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.

"கழற்றுடா!"

"யாரோ கையைப் பிடிச்சிருக்காங்க அக்கா." அவன் முகம் வெளுத்திருந்தது. "ஜில்லுனு இருக்கு."

நான்தான் பட்டையை இழுத்துப் பிய்த்தேன். என் விரல்களுக்கும் அவன் தோலுக்கும் நடுவே ஒரு குளிர்ச்சி அழுந்தி, மெல்ல விலகியது. கணினியை அணைக்கும் பொத்தானை அழுத்தினேன். திரை அணைவதற்கு முன் கடைசியாகப் பார்த்த எண் ஐம்பது.

இன்சே என்னிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தான். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

அவனுக்கு வயது முப்பத்து நான்கு. மூளையில் ரத்தக்கட்டு என்றார் டாக்டர், சிகரெட்டைக் குறை சொன்னார். பேச்சு போய்விட்டது, வலது கை மட்டும் மிச்சம். வேறு இடம் இல்லையென்று சில நாளில் அவனை அந்த ஜன்னலோரப் படுக்கைக்கே மாற்றினார்கள். வேண்டாம் என்று நான் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜொஞ்ஜுவிலிருந்து அவன் அம்மா வந்தார். அவன் கை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் பட்டை இல்லை. ஆனாலும் அசைவு முடியும் இடத்தில் அந்த நடுக்கத்தைப் பார்த்தேன்.

"வந்துட்டேன்டா கண்ணு. அம்மா இங்கதானே இருக்கேன்." இரண்டு கையாலும் அவன் விரல்களைப் பொத்திப் பிடித்தார்.

பொத்திய கைக்குள்ளும் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால், யாரும் இல்லாத வாசலைப் பார்த்தான்.

பதினோராம் நாள் அவனும் போய்விட்டான். அந்த அம்மாவின் காலில் விழ நினைத்தேன். என்ன சொல்லி விழுவது என்று தெரியாமல் நின்றேன்.

வேலையை விட்டுவிட்டு இப்போது பூசானில் இருக்கிறேன், ஒரு மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். போன செவ்வாய், நல்ல வெயிலில், பஸ்ஸின் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்த ஒரு பெண் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து என்னிடம் வந்தாள்.

"கூப்பிட்டீங்களா?"

என் இரண்டு கையும் மடியிலிருந்த பையைக் கட்டிக்கொண்டிருந்தன. "இல்லைங்களே" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்துப் பணிவாகத் தலை குனிந்தாள்.

"உங்களைக் கேக்கலம்மா. ஐயாவைத்தான் கேட்டேன்."