படுத்துக் கிடந்தவர் வீட்டுப் பெண்

"டோலெஷலோவான்னா என்ன அர்த்தம், டீச்சர்?"

ராதிம் வேண்டுமென்றேதான் கேட்டான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் காட்டு விடுதிக்கு வந்து இரண்டாம் நாள். காலை உணவு மேசையில் குடும்பப் பெயர்களைப் பற்றிப் பேச்சு. அபொலேனா டோலெஷலோவா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"அந்தக் காலத்துல ஊர்க்காரங்க பட்டப்பேர் வெப்பாங்க," என்றார் டீச்சர். "எப்பவும் படுத்தே கிடந்த ஒருத்தரை டோலெஷல்னு கூப்பிட்டாங்க. அதுவே குடும்பப் பேராச்சு. அந்த வீட்டுப் பொண்ணுங்க டோலெஷலோவா."

மேசையே சிரித்தது.

"என் பேரு?" என்றான் ராதிம்.

"போஸ்பீஷில்தானே? அவசரமா ஓடினவர்னு அர்த்தம்."

"பாத்தியா, சோம்பேறி!" என்று ராதிம் அபொலேனாவின் தோளில் தட்டினான்.

அன்று காளான் பறிக்கும் நாள். இருவருக்கு ஒரு கூடை. டீச்சர் அவர்கள் இருவரையுமே ஜோடி சேர்த்துவிட்டார்.

சமையல்காரர் வாவ்ரா வாசலில் நின்று எச்சரித்தார். "ஒரே ஒரு கசப்புக் காளான் போதும், சட்டி முழுக்கப் பாழ். கூடையில ஒண்ணு பாத்தாலும் மொத்தத்தையும் கொட்டிடுவேன். அப்புறம் வெறும் ரொட்டிதான்!"

காட்டுக்குள் ராதிம் பறந்தான். பறிப்பான், போடுவான், ஓடுவான். கூடை மளமளவென்று நிறைந்தது. அபொலேனாவோ ஒவ்வொரு காளானுக்கும் முன்னால் குப்புறப் படுத்து, குடைக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு போய்ப் பழகிய வழக்கம் அது.

"தூங்கிட்டியா?" என்று கத்தினான் ராதிம்.

பதில் சொல்ல நிமிர்ந்தவள், அவன் கூடையில் போட்ட காளானைப் பார்த்துவிட்டாள். மேலே அழகான பழுப்புக் குடை. அடியில் இளஞ்சிவப்பு. காம்பில் வலை பின்னியதுபோல் கறுங்கோடுகள்.

கசப்பு!

எல்லோர் முன்னாலும் சொன்னால் சிரிப்பு இந்த முறை அவன் பக்கம் திரும்பும். அந்த ஆசை ஒரு நொடி வந்தது. தொலைவில் மற்ற ஜோடிகளின் குரல் கேட்டது. அவள் எழுந்து அவன் அருகில் போனாள்.

"இது கசக்கும்," என்றாள் மெல்ல. "அடியில பாரு."

"உனக்கு என்ன தெரியும்?" என்றவன் திருப்பிப் பார்த்தான். முகம் வெளுத்தது. "அய்யோ... இன்னும் எத்தனை போட்டேனோ!"

"கொட்டு. ஒண்ணொண்ணாப் பாப்போம்."

இருவரும் ஊசியிலைகளின் மேல் குப்புறப் படுத்தார்கள். கூடை பாதியாகக் குறைந்தது. விடுதிக்குக் கடைசியாக வந்து சேர்ந்ததும் அவர்கள்தான்.

"இப்ப டோலெஷல் ரெண்டு பேராயிடுச்சு!" என்று யாரோ கேலி செய்தார்கள்.

வாவ்ரா அதற்குள் ஒரு ஜோடியின் நிறைந்த கூடையைக் குப்பையில் கவிழ்த்திருந்தார். இவர்களுடையதை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கடைசிக் காளானையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சுத்தமா இருக்கே. யாருப்பா பாத்தது?"

ராதிம் உதட்டைக் கடித்தான். பிறகு உரக்கச் சொன்னான்: "இவதான். நான் கசப்பையும் சேர்த்துப் பறிச்சிட்டேன். இவ படுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "நாளைக்கு எங்களுக்கும் பாத்துத் தரியா, அபொலேனா?" என்று கேட்டார்கள் கூடையைப் பறிகொடுத்தவர்கள். வெறும் ரொட்டிதான் என்று மிரட்டிய வாவ்ரா, சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் தட்டுகளிலும் முட்டையோடு வதக்கிய காளானைப் போட்டார்.

"முதல்ல எனக்குத்தான் கத்துக்குடுக்கணும்," என்றான் ராதிம்.

"சரி. ஆனா மெதுவா நடக்கணும்."

"நடக்கறேன், நடக்கறேன்!" என்றான் அவன், இரண்டாம் தட்டு வாங்க எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டே.