சித்தூர் அறையில் ஒன்று

ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும் பொறுப்பு கடவுளிடமிருந்து சந்துருவின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. இதை அவன் விளையாட்டாகச் சொல்வதில்லை. திருப்பதி, புத்தூர், சித்தூர் மூன்று கிடங்குகளிலும் உறைந்த மாங்கூழ் டப்பா எங்கே எவ்வளவு இருக்கிறதென்று கணினி பார்க்கும் விதிகளை அவன்தான் எழுதினான். பக்கத்தில் இருந்தால் அங்கிருந்து அனுப்பு. இல்லையென்றால் அடுத்த கிடங்கைப் பார். பூஜ்யமாகிவிட்டால் அந்த அறைக் கதவை மூடு, புதுச் சரக்கு வரும்வரை ஆளை அனுப்பாதே.

"நான் ஜீரோன்னு சொன்னா அது கிடையாது," என்பான்.

அன்று மத்தியானம் சித்தூர் அறைக்கு நேரே ஒன்று என்று இருந்தது.

காலி செய்து மூடிப்போட்ட அறை அது. சந்துரு பூஜ்யம் போட்டான். திரை வெளுத்துத் திரும்பியது. ஒன்று.

மேலாளர் கிரண்குமார் பின்னால் வந்து நின்றார். "இல்லாத டப்பாவுக்கு ஆர்டர் எடுத்துக்கினு கீது உன் சிஸ்டம். நீயே போய்க் கண்ணால பாத்துட்டு வா."

பஸ் சந்திரகிரியைத் தாண்டும்போது நளினி அக்கா போன் செய்தாள்.

"எங்கடா போய்க்கினு கீற?"

"சித்தூருக்கு."



"கடைசியா உன் மாமா உன்கூடத்தான பேசினாரு. இன்னா சொன்னாருன்னு நீ சொல்லவே இல்லியே."

"சிக்னல் இல்லக்கா," என்று வைத்துவிட்டான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நளினியின் புருஷன் சீனுதான் சித்தூர் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிர் அறையை மூடுமுன் கதவை உள்ளங்கையால் தட்டி, "வர்றவங்க வந்துடுங்க, மூடப் போறேன்," என்று குரல் கொடுப்பான். அடுக்குகளுக்கு நடுவே சுமை தூக்குகிறவர் யாராவது நின்றுவிட்டிருக்கலாம் என்று அங்கே எல்லோருக்கும் இருந்த பழக்கம். காலி அறைக்கும் சீனு கூப்பிடுவான்.

"இன்னா மாமா, மாங்கூழ் நடந்து வருமா?" என்று கல்யாணப் பந்தியிலேயே சந்துரு கேட்டிருக்கிறான்.

"வந்தா உன் வூட்டுக்கே அனுப்பி வைக்கறேன் மச்சான்," என்றான் சீனு.

சீசன் முடிந்த அன்று சீனு போன் செய்தான். "கடைசி டப்பா லாரில ஏறிடுச்சு. உள்ள ஒருவாட்டி பாத்துட்டு வர்றேன். அப்புறம் மூடு."

சந்துருவைச் சுற்றி நண்பர்கள் இருந்தார்கள். "ஜீரோ ஆயிடுச்சு மாமா. ஜீரோவுல பாக்கறதுக்கு இன்னா கீது?" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடே விதியை ஓடவிட்டான். சித்தூரில் கதவு தானாக மூடிக்கொண்டது.

லாரியோடு போயிருப்பான் என்று அக்கா நினைத்தாள். சரக்கில்லாத அறைக்கு விதி யாரையும் அனுப்பவில்லை. புதுச் சரக்கு வந்தபோதுதான் திறந்தார்கள்; கதவுக்குப் பின்னால் சீனு உறைந்து கிடந்தான். உள்தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது என்று விசாரணையில் எழுதி முடித்து, அறையையும் காலி செய்து மூடிப்போட்டார்கள். விதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சந்துருவும் சொல்லவில்லை.

கிடங்கில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பூட்டின் எண்ணை அழுத்தியதும் குளிர் அறையின் கனத்த கதவு முனகிக்கொண்டே நகர, குளிர் யந்திரம் நின்று மாதக்கணக்கானபின்னும் உள்ளேயிருந்து புளித்த மாம்பழ வாசனையோடு வெள்ளை மூச்சு தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து அவன் கால்விரல்களைத் தொட்டது. இரும்பு அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டுக்குள் போயின. எல்லாம் காலி.

போனைப் பார்த்தான். சித்தூர்: ஒன்று.

பூஜ்யம் போட்டான். ஒன்று.

உள்ளே, வெகு ஆழத்தில், தகரத்தில் யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். அவசரமே இல்லாமல். நெடுநேரம் தட்டி ஓய்ந்த கை தட்டுவதுபோல.

மறுபடி.

இந்த முறை கிட்டத்தில்.

ஓடிவிடலாம். மூடிவிடலாம். மூடிவிட்டு, காலி என்று சொல்லிவிடலாம். ஒருமுறை சொன்னதுதானே.

சந்துரு கையைத் தூக்கிக் கதவில் வைத்தான். தட்டினான்.

"வர்றவங்க வந்துடுங்க," என்றான் மெதுவாக. "மூடப் போறேன்."

காத்திருந்தான்.

கையில் போன் அதிர்ந்தது. சித்தூர்: பூஜ்யம்.

விதிப்படி கதவு நகர்ந்து மூடிக்கொண்டது.

சந்துரு தலையை நிமிர்த்தவில்லை. தரையைத்தான் பார்த்தான். சிமென்டில் உறைபனியாக வெறுங்கால் தடங்கள். கதவடியிலிருந்து வெளியே வந்து, அவன் செருப்பை ஒட்டி நின்றிருந்தன. அதற்குமேல் போகவில்லை.