முந்திக்கொண்ட குரல்

வெற்றிச்செல்வன் இருமுவதற்கு முன்பே அவனுடைய இருமல் ஹெட்போனில் கேட்டது. மறுநொடி தொண்டை கமறி நிஜமாகவே இருமினான். அதே இருமல், அதே இழுப்பு.

"எவன்டா என் கம்ப்யூட்டர நோண்டுனது?" என்று கத்தினான். மச்சினன் பக்கிரிதான். நேற்று வந்து மத்தியானம் முழுக்க கேம் ஆடிவிட்டுப் போனான்.

ஜவுளிக்கடைகளுக்காக ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊரெல்லாம் அலறவிடுகிற விளம்பரங்களை, உழவர்கரை வீட்டிலேயே பேசிப் பதிவுசெய்வது அவன் பிழைப்பு. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த சவுண்டு கார்டில் பாட்டு ஓடும். மைக்குக்கென்று இரண்டாவதாக ஒரு கார்டு வாங்கி மாட்டியிருந்தான். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது, போகப்போகப் பாட்டும் குரலும் மயிரிழை விலகும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்ததுதான். குரல் பிந்தி வரலாம். பேசுவதற்கு முன்பே வருமா?

பதிவுக்காக மின்விசிறியை நிறுத்தி ஜன்னலையும் சாத்தியிருந்த அறையில், சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி நெடியும் அடுப்படியிலிருந்து வந்த வறுத்த நெத்திலி வாசனையும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சை அடைத்தன. வியர்வை காதோரம் வழிந்தது.

"ஆடித் தள்ளுபடி..." என்று அவன் வாயைத் திறந்தபோது, ஹெட்போன் "வாங்க, வாங்க!" என்று முடித்துவிட்டிருந்தது.

ஆத்திரத்தில் மேசையைக் குத்தினான். அந்தக் குத்தும் முன்பே கேட்டிருந்தது.

மைக் வயரைப் பிடுங்கி எறிந்தான். திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு அடங்கவில்லை. துள்ளிக்கொண்டே இருந்தது.

கதவு திறக்கும் சத்தம். பிறகு அவன் மனைவி கமலவேணியின் குரல். "ஏங்க, எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பக்கிரிய நாந்தான் ஆடச் சொன்னேன்."

திரும்பிப் பார்த்தான். கதவு சாத்தியே இருந்தது.

ஹெட்போனில் இப்போது அவன் குரல். "நீயும் ஒந் தம்பியும் சேந்துதான் என்ன அழிக்கிறீங்க!"

ஏதோ கனமாக விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை.

"வேணி," என்று கூப்பிட்டது அவன் குரல். "வேணி. ஏந்திரி."

ஹெட்போனைக் கழற்றினான். அடுப்படியில் கரண்டி சத்தம் கேட்டது. இருக்கிறாள். அவள் வருவதற்குள் வெளியே போய்விட வேண்டும். சட்டையை மாட்டினான். கதவை நோக்கித் திரும்பினான்.

கதவு திறந்தது.

"ஏங்க, எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பக்கிரிய நாந்தான் ஆடச் சொன்னேன்."

பல்லைக் கடித்தான். பேசக்கூடாது. ஒரு வார்த்தைகூட. ஆனால் என் வீட்டில், என் பொருளை, என்னைக் கேட்காமல்... அடிவயிற்றிலிருந்து சூடு ஏறியது. நெஞ்சு. தொண்டை. நாக்கு.

"நீயும் ஒந் தம்பியும் சேந்துதான் என்ன அழிக்கிறீங்க!"

மைக் ஸ்டாண்டின் இரும்புக்கம்பி அவன் கையில் இருந்தது. எப்போது எடுத்தான்?

"ஏங்க?" என்றாள் கமலவேணி. சுவர்வரைக்கும் பின்னால் நகர்ந்தாள்.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து சன்னமாக, தண்ணீர் ஊற்றுகிற சத்தம். விளக்குமாறு தரையைத் தேய்க்கிற சத்தம். தேய்த்துக்கொண்டே ஹெட்போனுக்குள் அவன் சாவகாசமாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.