மழையில் கூப்பிட்ட குரல்

கடலுக்குப் போகலாம் என்று வீட்டில் அடம்பிடித்தது வாயாடிதான். அதனால் சனிக்கிழமை காலையில் கடலோரம் தங்கிய வீட்டில் கண் விழித்து, கூரைமேல் மழை தடதடவென்று கொட்டும் சத்தத்தைக் கேட்டதும், அந்த மழையே தன் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது.

அவளுக்குப் பத்து வயது. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பதால் எல்லோருக்கும் அவள் வாயாடி. பக்கத்து வீட்டுத் தோழிக்கு நீள நீளமான கால்கள். அவள் கொக்கு. அந்தப் பெயரை வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

கொக்கின் அம்மா போன வருடம் உடம்பு முடியாமல் இறந்துபோனார். அதற்குப் பிறகும் கொக்கு பள்ளிக்கூடம் வந்தாள். வீட்டுப்பாடம் எழுதினாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஆனால் சிரிக்கவில்லை. சண்டைகூடப் போடவில்லை. ஒருநாள் வாயாடி வேண்டுமென்றே அவளுடைய ரப்பரை எடுத்து ஒளித்து வைத்தாள். முன்பென்றால் முடியைப் பிடித்து இழுத்திருப்பாள். அன்று கொக்கு, "வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் வாயாடிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

கடலைப் பார்த்தால் கொக்கு சரியாகிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எங்கிருந்து வந்த நம்பிக்கை என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் சொல்லிச் சொல்லி, அழுது அழுது, அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். அப்பா பஸ் டிரைவர். தெரிந்தவரிடம் வேன் வாங்கிவந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா விடுப்பு எடுத்தார். கொக்கும் எலக்ட்ரீஷியனான அவளுடைய அப்பாவும் வர ஒப்புக்கொண்டார்கள். வாயாடியின் ஐந்து வயதுத் தம்பி பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வேனில் ஏறினான்.

கிளம்புவதற்கு முன் கொக்கின் அப்பா, வாயாடியின் அம்மாவைத் தனியாக அழைத்து ஒன்று சொல்லியிருந்தார். குழந்தை முன்னால் அவளுடைய அம்மாவைப் பற்றி யாரும் பேச வேண்டாம், அவள் தாங்க மாட்டாள் என்று. அதை அம்மா வாயாடியிடமும் சொல்லி, "உன் வாய்க்கு இந்த ரெண்டு நாள் பூட்டு போட்டுக்கோ" என்றார்.

வாயாடி பெரிய பூட்டாகவே போட்டுக்கொண்டாள். கொக்கு காதில் விழும்படி தன் அம்மாவை 'அம்மா' என்று கூப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டாள். வேனில் தண்ணீர் கேட்பதற்கு வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "என்னங்க" என்றாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "யாரு, என்னையா?" என்று திரும்பிப் பார்த்தார்.

அதற்கும் கொக்கு சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து அவர்கள் தங்கிய வீடு கடற்கரைத் தெருவின் கோடியில் இருந்தது. ஒரு கூடம், ஒரு சின்னச் சமையலறை, அவ்வளவுதான். கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகியது. ஒரு இடத்தில் வாளி, ஒரு இடத்தில் குண்டான், இன்னொரு இடத்தில் தம்பியின் பிளாஸ்டிக் வாளி. தன் வாளியில் மழைத் தண்ணீர் விழுவதைத் தம்பி கண்கலங்கப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மழை நின்னுடுச்சா?" என்று கேட்டான்.

இல்லை என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். பிறகு மறுபடியும்.

மின்சாரம் முந்தின ராத்திரியே போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு. எங்கேயோ கம்பி அறுந்து விழுந்திருந்தது. அது தெரிந்திருந்தும் கொக்கின் அப்பா ஒரு ஸ்டூலைப் போட்டு, சுவிட்சுப் பலகையைக் கழற்றி, ஒவ்வொரு திருகாக எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க அது ஒரு வழி.

மெழுகுவத்தியை மறந்தது யார் என்று வாயாடியின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது. அம்மா ஒரு பை நிறைய மாத்திரை கொண்டுவந்திருந்தார். தலைவலிக்கு இருந்தது, வயிற்றுவலிக்கு இருந்தது, வண்டியில் குமட்டினால் போடுவதற்கும் இருந்தது. மெழுகுவத்தி மட்டும் இல்லை. ரொட்டி ஈரத்தில் நமத்துப்போயிருந்தது. எல்லோரும் அதையே தின்றார்கள்.

கொக்கு ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயாடி அவளிடம் விடுகதை போட்டாள். கணக்கு டீச்சர் தும்முவதுபோல் தும்மிக் காட்டினாள். தலைகீழாக நின்றும் காட்டினாள். கொக்கு எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தாள். தெரியாதவர் வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மதியம் வாயாடியின் அப்பா குடையோடு போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வந்தார். தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் தாமதித்தால் மாட்டிக்கொள்வோம், மூட்டையைக் கட்டுங்கள் என்றார்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் வாயாடிக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். கடலையே பார்க்காமல் திரும்பிப்போகப் போகிறார்கள். திங்கட்கிழமை கொக்கு பள்ளிக்கூடம் வருவாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், ரப்பரைக் கேட்டால் கொடுத்துவிடுவாள். இனி எப்போதும் இப்படித்தான். செய்வதற்கு வாயாடியிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது ஜன்னலோரம் காலியாக இருந்தது. வாசலில் கொக்கின் செருப்பு இல்லை.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். வாயாடி மேசைமேல் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

தெருவில் முழங்கால்வரை தண்ணீர் இல்லைதான். ஆனால் மழை முகத்தில் அறைந்தது. கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. தெரு முடிந்த இடத்தில் மணல் தொடங்கியது. மணலில் இரண்டு படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் வெகுதூரத்தில், சாம்பல் நிறத்தில், கடல் இரைந்துகொண்டிருந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

படகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் ஏதோ பறவை என்று நினைத்தாள். அருகில் போனதும் கால் நின்றுவிட்டது.

"அம்மா..."

கொக்கு நின்றுகொண்டிருந்தாள். கைகளை இறுக்கி மூடி, கண்களையும் மூடி, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். கூப்பிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் கூப்பிட்டாள். கடலும் மழையும் போட்ட கூச்சலில் அந்தக் குரல் பத்தடிக்கு மேல் போகவில்லை.

கண்ணைத் திறந்தபோது வாயாடி எதிரில் நின்றாள். கொக்கின் முகம் வெளுத்துவிட்டது.

வாயாடி விரிப்பின் ஒரு பாதியை அவள்மேல் போர்த்தினாள். இரண்டு பேரும் படகில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"வீட்ல கூப்பிட முடியாது. அப்பாவுக்குக் கேட்டுடும்" என்றாள் கொக்கு. குரல் கரகரத்தது. "ஊர்ல இருக்கற எங்க அத்தை சொல்லியிருக்காங்க. அப்பா முன்னாடி அம்மா பேச்சையே எடுக்கக்கூடாதாம். எடுத்தா அப்பா உடைஞ்சு போயிடுவாராம். அதனால நான் எடுக்கறதே இல்ல."

விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அம்மா குரல் எப்படி இருக்கும்னு மறந்துட்டே வருதுடி. அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். ஆனா கேக்க முடியாதே."

கொக்கின் அப்பா சொன்னதும் அதேதானே என்பது வாயாடிக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் தாங்க மாட்டாள் என்று அவர் பேசவில்லை. அவர் தாங்க மாட்டார் என்று இவள் பேசவில்லை. ஒரே வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு வருடமாக இருந்திருக்கிறார்கள்.

"நான் இங்க கத்தினதை யார்கிட்டயும் சொல்லாத" என்று கொக்கு கையை நீட்டினாள். "சத்தியம் பண்ணு."

வாயாடி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். விரிப்பை அவளிடமே விட்டுவிட்டு, "இங்கயே இரு, தண்ணி கிட்ட போயிடாத" என்று சொல்லி வீட்டுக்கு ஓடினாள்.

கொக்கின் அப்பா இன்னும் ஸ்டூலில்தான் நின்றார். மகள் வெளியே போனதே அவருக்குத் தெரியவில்லை. சொட்டச் சொட்ட வந்து நின்ற வாயாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். அதனால சொல்ல மாட்டேன். நீங்க என்கூட வாங்க. வந்தா உங்களுக்கே கேக்கும்."

அவர் ஜன்னலோரத்தைப் பார்த்தார். அடுத்த கணம் கையில் திருப்புளியோடு மழையில் இறங்கிவிட்டார். செருப்புகூடப் போடவில்லை.

படகை நெருங்கும்போதே அது கேட்டது. "அம்மா..." என்று இழுத்து, உடைந்து, அடங்கி, மறுபடி எழுந்த குரல். அவர் அப்படியே நின்றார். திருப்புளி மணலில் விழுந்தது.

வாயாடி அதைக் குனிந்து எடுத்தாள். தப்பு செய்துவிட்டோமோ? அவர் உடைந்துபோனால் யார் சேர்த்து எடுப்பது?

கொக்கின் அத்தை சொன்னது சரிதான். அவர் உடைந்துதான் போனார். மகளிடம் போய் ஈர மணலில் மண்டியிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு, பெரிய மனிதர்கள் அழுது வாயாடி பார்த்தே இராத விதத்தில் தேம்பித் தேம்பி அழுதார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவளும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

வெகுநேரம் கழித்துக் கூப்பிடும் சத்தம் மறுபடி வந்தது. இம்முறை இரண்டு குரல்கள். ஒன்று, "அம்மா" என்றது. இன்னொன்று, தடித்த குரல், கொக்கின் அம்மாவுடைய பெயரைச் சொல்லிக் கடலைப் பார்த்துக் கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தால், அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மகளின் கை அவர் கையில் இருந்தது.

அதற்குள் மற்றவர்கள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாயாடியின் அம்மாவுடைய குடை காற்றில் மடங்கிப் பூப்போல் விரிந்திருந்தது. காய்ச்சல் வரும் என்று திட்ட வாயைத் திறந்த அம்மா, அப்பாவும் மகளும் நிற்பதைப் பார்த்துவிட்டு, திட்டை விழுங்கிக்கொண்டார்.

தம்பி வாளியோடு வந்திருந்தான். "மழை நின்னுடுச்சா?"

"நிக்கலடா."

"அப்ப பரவால்ல" என்று சொல்லிவிட்டு, ஈர மணலில் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தான்.

தரைப்பாலம் முழுகிவிட்டது, இன்றைக்கு எப்படியும் போக முடியாது என்றார் வாயாடியின் அப்பா. கடலுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு, நின்று வேடிக்கை பார்க்க முடியாமல், அவரும் தோண்டினார். தெருவிலிருந்து ஓடிவந்த மழைத்தண்ணீருக்குக் கால்வாய் வெட்டினார்கள். அம்மா உடைந்த குடையைக் குறுக்கே வைத்து அணை கட்டினார். அணை உடைந்தது, மறுபடி கட்டினார்கள். கொக்கு வெட்டிய வாய்க்காலை வாயாடி மிதித்துக் கெடுத்தாள். அவள் தலைமுடி பிடித்து இழுக்கப்பட்டது. நன்றாக வலித்தது. வாயாடி ஒன்றுமே சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோரும் உடை மாற்றி, கூடத்தில் ஒழுகாத ஒரு மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்து சூடாக டீ குடித்தார்கள். கொக்கின் கண்கள் வீங்கியிருந்தன. அவளுடைய அப்பாவின் கண்களும்தான். அழுகை முழுசாகத் தீர்ந்துவிடவில்லை. நடுவில் ஒருமுறை அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொக்கு பதறவில்லை. இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தாள்.

"உங்கம்மா முதல்முதலா கடல் பாக்க வந்தப்போ ஒரு நண்டைப் பாத்தா. இத்தனூண்டு நண்டு" என்று அவர் விரல் நுனியைக் காட்டினார். "அவ்ளோதான். என் தோள்மேல ஏறி உக்காந்துட்டா. ஊரே பாக்குது. இறங்குன்னா இறங்க மாட்டேங்கறா."

"பொய்" என்றாள் கொக்கு.

"நிஜமா. நண்டு பயந்து ஓடிப்போச்சு. அப்பவும் இறங்கல. 'இன்னொண்ணு வந்துட்டா?' அப்படீன்னா." கடைசி வார்த்தைகளை அவர் மெல்லிய குரலில், கொஞ்சம் இழுத்துச் சொன்னார்.

கொக்கு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அம்மா அப்படியேதான் பேசுவா" என்றாள். பிறகு சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமலே அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

வெளியே மழை விடுவதாக இல்லை. யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவும் இல்லை.

"இன்னொண்ணு சொல்லுங்கப்பா" என்றாள் கொக்கு.