கற்பூரம் எரிந்தபோது ஓடிய கார்

பேய் காரோட்டினது என்று நிரோசினி சொல்லவில்லை. அதற்காகத்தான் வீரகத்தி அவளுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். காலையிலிருந்து வந்த சனம் எல்லாம் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தது.

வீரகத்தி பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். மிச்சப் படிப்பைப் பஸ்களில் ரிக்கெற் பரிசோதகராக ஏறி இறங்கிப் படித்தார். ரிக்கெற் எடுக்காதவன் யன்னலுக்கு வெளியே பார்ப்பான், எடுத்தவன் பொக்கற்றைத் தடவுவான். மனுசரைப் பற்றி இதற்கு மேல் அறிய ஒன்றுமில்லை என்பது அவருடைய முடிவு. புதுக்குடியிருப்பில் மாடு காணாமல் போனாலும் தண்ணீர் மோட்டர் காணாமல் போனாலும் சனம் முதலில் அவரிடம்தான் வரும். ஒருவரையும் நம்பமாட்டார் என்பதுதான் ஊருக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை.

நிரோசினி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் குகதாசன் கட்டிய றேஸ் காரையும் ஓட்டுவாள். வற்றாப்பளைப் பக்கம் பரவைக்கடல் வற்றிக் கிடக்கும் வெளியில்தான் ஓட்டம். போன ஞாயிறு ஓட்டம் தொடங்க முதல், வழக்கம்போல அவளை இறங்கச் சொல்லி, சில்லுகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தியிருக்கிறார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"நான் வேதக்காரி ஐயா. ஒரு பக்கமாய் நிண்டு கண்ணை மூடிச் சிலுவை போட்டனான். திறந்து பாக்கேக்கை கார் அங்காலை போகுது. உள்ளுக்கை ஆளில்லை. எஞ்சின் சத்தமும் இல்லை."

சத்தம் போட்டது இளையதம்பி ஒருவர்தான். ஊரில் வாகனப் பூசை செய்கிறவர்; பழம் வைத்ததும் அவர்தான். கார் அவருடைய வலது காலுக்கு மேலால் ஏறிப் போய், சேற்றில் புதைந்து நின்றது. கையால் இழுக்கும் பிரேக்கை அவள் போட மறந்துவிட்டாள் என்று பொலிஸ் எழுதிவிட்டது. திங்கட்கிழமை கோட்டில் வழக்கு. லைசன்ஸ் போனால் வானும் போய்விடும். இப்போதே பாதிப் பிள்ளைகளைத் தாய்மார் அனுப்புவதில்லை.

"பிரேக் இழுத்தனியோ?" என்று வீரகத்தி கேட்டார்.

"இழுத்தனான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"அப்ப நம்பாதையுங்கோ. வந்து பாருங்கோ."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துக்கொண்டது. அவளையும் ஏற்றிக்கொண்டு போக லோறன்ஸைக் கூப்பிட்டார்.

லோறன்ஸ் முல்லைத்தீவுக்காரன். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவன் மட்டும் ஓட்டோ வாங்கியவன். வீரகத்தி எங்கே போனாலும் கூலி கேட்காமல் வருவான்; துப்பு முழுவதையும் தானே கண்டுபிடித்ததாகப் பிறகு சந்தியில் சொல்லுவான். போகிற வழியெல்லாம் கதைதான். இது இரண்டாம் தரமாம். போன மாதம் பழக்க ஓட்டத்திலும் அதே தொடக்கக் கோட்டில் அந்தக் கார் ஆளில்லாமல் நகர்ந்ததாம். ஆனால் அன்று பாயவில்லை, வயதுபோன ஆள் நடக்கிற மாதிரி மெல்லப் போய்த் தானாக நின்றதாம். அதைக் கண்டு பாதிச் சனம் வீட்டுக்கு ஓடிவிட்டது.

"இளையதம்பி அண்ணை முதலே சொன்னவர்," என்றான் லோறன்ஸ். "தொடக்கக் கோட்டை அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கோ எண்டு ஒவ்வொரு முறையும் றேஸ் நடத்திற கழகப் பெடியளோடை சண்டை. அவங்கள் சிரிச்சவங்கள். அவருக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணை, அந்த இடத்திலை என்னவோ இருக்கெண்டு."



கடைசி யுத்தத்தில் அந்த வெளியில் என்ன நடந்தது என்று அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. பகலிலும் மாடு கட்டமாட்டார்கள். உப்புப் பூத்த தரை கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்துக் கிடந்தது. காற்று அடித்தது, ஆனால் அசைய ஒரு புல் இல்லை. நடுவில் தறப்பாளால் மூடிய கார், துணி போர்த்திய பிணம் போலக் கிடந்தது. இழுத்துப் போக எந்த லொறிக்காரனும் வரவில்லையாம். குகதாசன் அதன் பக்கத்தில் தனியே குந்தியிருந்தான். உருத்திரபுரத்து வயல்காரரின் மகன். விபத்தில் நொருங்கிய ஹைபிரிட் காரொன்றை வாங்கி, பாரம் குறையக் கதவுகளைக் கழற்றி, இரண்டு வருடம் மினக்கெட்டு இதைக் கட்டியவன்.

தறப்பாளின் ஓரம் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது. உள்ளே யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. லோறன்ஸ் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை.

வீரகத்தி சுண்ணாம்புக் கோட்டுக்குப் போனார். நசுங்கிய எலுமிச்சம்பழம் இரண்டும் மண்ணுக்குள் அழுந்திக் காய்ந்திருந்தன. இரத்தக் கறை பழங்களுக்குப் பக்கத்தில் இல்லை. பின்சில்லின் தடத்தில், சாரதி ஏறும் பக்கமாய் இருந்தது. குனிந்து அதையே கனநேரம் பார்த்தார். பிறகு வந்து தறப்பாளைத் தூக்கினார். சாரதியின் கதிரைக்குப் பக்கத்தில் பிரேக் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. பிடியில் மஞ்சளாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார். சந்தனம்.

"பூசை செய்த கார்தானே அண்ணை," என்று லோறன்ஸ் தூரத்திலிருந்தே சொன்னான்.

வீரகத்தி குகதாசனிடம் திரும்பினார். "தம்பி, எஞ்சின் சத்தமில்லாமல் இது எப்படி ஓடும்? எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லு."

குகதாசன் சொன்னான். மற்றக் காரில் பிரேக் அடித்தால் ஓட்டத்தின் விசை சூடாகி வீணாய்ப் போகும். இதில் மோட்டர் அதைப் பிடித்துப் பற்றரிக்குள் போடும். புறப்படும்போது அதே மோட்டர் அதைத் திருப்பிக் கொடுக்கும். பெற்றோல் எஞ்சின் உறுமி வேகம் எடுக்கக் கொஞ்ச நேரம் செல்லும். பற்றரி எடுத்த எடுப்பில் முழுப் பலத்தையும் தள்ளும். அதனால்தான் தொடக்கத்தில் இவர்களை ஒருவரும் பிடிக்க முடிவதில்லை. கியரைப் போட்டு, பிரேக் பிடியை இழுத்து வைத்திருந்தால் போதும். பிடியை விட்டவுடன் பாயும்படி கட்டியிருந்தான். பூசைக்கு நின்றதும் அப்படியேதான்.

"அப்ப போன மாதம் ஏன் ஊர்ந்தது?"

"அண்டைக்குப் பற்றரியிலை பெரிசா ஒண்டுமில்லை ஐயா. இந்தமுறை ஓட்டத்துக்கு முதல் நிரோசினி ஒரு சுற்றுப் போய், அடிச்சடிச்சுப் பிரேக் போட்டு நிரப்பினவா."

"இது ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவாவுக்கும்தான்."

வீரகத்தி கைகளைத் தட்டி மண்ணை உதறினார். "ஏறுங்கோ எல்லாரும். இளையதம்பியைப் பாக்கப் போவம்."

இளையதம்பி தன் வீட்டு மண்டபத்தில் மாக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். தனி ஆள். பக்கத்து வீட்டார் கொடுத்த சாப்பாடு தொடாமல் இருந்தது. வீரகத்தி சுகம் விசாரிக்கவில்லை. மற்றவர்களை நிற்கவிட்டு, தான் மட்டும் கட்டில் கால்மாட்டில் இருந்தார்.

"பழம் வைக்கேக்கை கார் அடிச்சதெண்டு பொலிசுக்குச் சொன்னனி. பழம் முன்சில்லுக்குக் கீழை. உன்ரை இரத்தம் பின்சில்லுத் தடத்திலை. பழம் வைச்சு முடிஞ்ச மனுசனுக்குச் சாரதிப் பக்கத்திலை என்ன வேலை?"

இளையதம்பி கூரையைப் பார்த்தார்.

"ஸ்ரேறிங்குக்குச் சந்தனம் வைப்பினம், கண்டிருக்கிறன். பிரேக்குக்குப் பொட்டு வைக்கிறவனை நான் காணேல்லை. இந்தப் பிள்ளை சந்தனம் தொடாது. குகதாசன் தொட்டிருக்கலாம். ஆனால் அவனும் சரி, இவளும் சரி, அது பாயுமெண்டு தெரிஞ்ச ஆக்கள். தெரிஞ்சவன் பின்சில்லுக்குப் பக்கத்திலை கால் வைச்சுக்கொண்டு பிடியை விடமாட்டான். அது ஊருமெண்டு நினைச்சவன்தான் விடுவான். போன மாதம் ஆளில்லாமல் ஊர்ந்ததை மட்டும் கண்டவன். சனம் கண்ணை மூடி நிண்ட நேரம் பிடியை விட்டாய். மெல்லப் போகும், சனம் வெருண்டு ஓடும், இனி இஞ்சை றேஸ் ஓடாதெண்டு நினைச்சாய். இந்தப் பிள்ளை அடிச்ச பிரேக்கெல்லாம் உள்ளுக்கை நிறைஞ்சு கிடந்தது உனக்குத் தெரியாது."

 இளையதம்பி யாரையும் பாராமல் சொன்னார்.

"அங்கைதான் கிடக்கினம் அண்ணை. மனுசியும் பிள்ளையும். நான்தான் கையாலை கிண்டித் தாட்டனான். அடையாளத்துக்கு நிண்ட வடலிப் பனையும் பட்டுப்போச்சு. அதுக்கு மேலைதான் கோடு போட்டவங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதிலை ரயரை அரைச்சு அரைச்சு மண்ணைக் கிளப்பிறாங்கள். சொன்னனான். சிரிச்சவங்கள்."

லோறன்ஸ் முகத்தைத் துடைத்தான். நிரோசினி துடைக்கவில்லை.

"அதை எனக்குச் சொல்லியிருந்தா நான் ஓடியிருக்கமாட்டன்," என்றாள். "படுத்துக்கிடந்துகொண்டு என்னைக் கோட்டுக்கு அனுப்பப் பாத்தீங்களே. என்ரை வான் பாதி காலி, தெரியுமோ?"

இளையதம்பி அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். "பொலிசைக் கூப்பிடுங்கோ," என்றார். "சொல்லுறன்."

குகதாசன் போன் எடுக்க வெளியே போனான். வீரகத்தி எழும்பினார். கணக்கு முடிந்த மனுசனைப் போல வாசல்வரை போய், ஒன்றைச் சரிபார்க்கத் திரும்பினார்.

"போன மாதமும் நீதானே பிடியை விட்டது?"

"இல்லை அண்ணை." இளையதம்பியின் குரலில் பொய் இல்லை, பொய்யை வீரகத்தி ஆயிரம் பஸ்ஸில் கேட்டவர். "அண்டைக்கு நான் கிட்டவும் போகேல்லை. அது தானாய்ப் போனதைக் கண்ட பிறகுதான் எனக்கு இந்த யோசனையே வந்தது."

"அண்டைக்கும் நான் பிரேக் இழுத்தனான் ஐயா," என்று நிரோசினி மெல்லச் சொன்னாள்.

"மறந்திருப்பாய்," என்றார் வீரகத்தி.

திங்கட்கிழமை கோட்டில் அவளுடைய பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். கழகப் பெடியள் தாங்களாகவே வந்து சுண்ணாம்புக் கோட்டை அழித்தார்கள். அதைப் பார்க்க வீரகத்தியும் போனார். செய்வேன் என்கிறவனையும் அவர் நம்புவதில்லை.

கோடு இருந்த இடத்தைத் தாண்டித்தான் ஓட்டோ நின்றது. நேரே நடந்தால் கிட்ட. லோறன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவர் நாலடி வைத்து நின்றார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார், பிறகு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார்.

சந்தியில் இதை மட்டும் லோறன்ஸ் ஒருவருக்கும் சொல்லவில்லை.