ரொட்டி அடுப்பின் தளக்கல்

விடியலில் வேகும் முதல் ரொட்டியைத் தம் கையாலேயே எடுத்துக் கவிழ்த்து, அதன் அடியை விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பது ஏமஸ் தர்குட்டின் மாறாத வழக்கம். நன்றாக வெந்த ரொட்டி வெறும் பெட்டிபோல் ஒலிக்கும். ஆல்டர்விக் கிராமம் அந்த ஓசையை நம்பித்தான் உண்டது.

அன்று தட்ட ஓங்கிய கை நின்றது. ரொட்டியின் அடியில் மேடாகச் சில எழுத்துகள், இடவலம் மாறி: ரூத்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகளுக்குமுன் தேவாலயத்தின் வடசுவரை இடித்துக் கட்டியபோது, பெயர்த்துக் குவித்திருந்த கல்லறைக் கற்களில் ஒன்றை யாரும் பாராமல் கைவண்டியில் கொண்டுவந்து, விரிசல் கண்ட அடுப்புக்குத் தளமாகப் பதித்தவர் அவரே. எழுத்துள்ள முகத்தைக் கீழே கவிழ்த்தே பதித்தார். இப்போதும் தடவிப் பார்த்தார். மேல்முகம் வழவழவென்றுதான் இருந்தது.

மறுநாள் ரொட்டியில்: வயது ஆறு. அதைப் பன்றிகளுக்கு எறிந்தார். அவை தொழுவத்தின் மறுமூலையில் போய் ஒண்டிக்கொண்டன.

மூன்றாம் நாள் மகள் லெட்டிஸுக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கும் ஆறு வயது. நெற்றியில் இட்ட ஈரத்துணியிலிருந்து ஆவி எழுந்தது. அறையெங்கும் புளித்த மாவின் வாசம். ஒன்றும் அறியாத மனைவி கெசையா, இன்னும் வராத மருத்துவரை ஏசிக்கொண்டிருந்தாள். குழந்தை கண் திறவாமல் சொன்னாள்:

“அப்பா, முதுகுக்குக் கீழ கல்லு சுடுது.”

அடுப்பை அவித்தார். கல்லைப் பெயர்த்தார். பனி பொழியும் நண்பகலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்.

“என்ன ரொட்டிக்காரரே, இப்பவே இடம் புடிக்க வந்துட்டீரா?” என்றார் குழி வெட்டும் கிழவர் ஜேபஸ்.

கல்லைக் கண்டதும் அவருடைய சிரிப்பு அடங்கியது. ஏமஸ் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். ஜேபஸ், கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில் அடையாளமற்றுக் கிடந்த புல்தரையைக் காட்டினார்.

“சாகுற வரைக்கும் இந்தக் கல்லத் தேடுனா ரூத்தோட அம்மா. ரொட்டிய மட்டும் உம்ம கடையிலதான் வாங்குவா.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

ஏமஸ் கல்லை அதன் இடத்தில் நட்டார். தொப்பியைக் கழற்றி மண்டியிட்டுத் தாயிடமும் மகளிடமும் மன்னிப்பு வேண்டினார். தம் குழந்தையை விட்டுவிடும்படி கெஞ்சினார்.

பனி எல்லாக் கல்லறைகளையும் மூடியது. இதை மட்டும் மூடவில்லை.

கல்லைத் தொட்டார். சுட்டது.

புளித்த மாவின் வாசம்.

அவருடைய முழங்காலுக்கு அடியில், துணி மூடிய மாவு உப்புவதுபோல, மெல்ல, மிக மெல்ல, புல்தரை பொங்கி எழத் தொடங்கியது.