எந்த உடம்பில் இருக்கிறீர்கள்?

நிலவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உடம்பைக் கட்டிலில் கிடத்தி, ஈ மொய்க்காமல் வலையை இழுத்துவிட்டுப் போவது முத்தையாபுரத்தில் வழக்கம். வீட்டில் இருப்பவர்கள் அவ்வப்போது புரட்டிப் போட வேண்டும். வடிவு தன் கணவன் சுடலைமணியைப் புரட்டிப் போட்டுவிட்டு உலை வைத்தாள். அவன் அந்நேரம் நிலவில், கம்பெனியின் இயந்திர உடல் ஒன்றுக்குள் புகுந்து பாறை உடைத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் போக்குவரத்தை நடத்துகிற மென்பொருளின் பெயர் ‘கூடு’. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே மூளையில் பதித்துவிடும் சில்லில் ஓடுவது. நிலவுக்குப் போகாதவர்களுக்கும் உண்டு. இலவசம். எந்த உடலுக்குள் போனாலும் கண்ணின் இடது ஓரத்தில் ஓர் அம்புக்குறி மினுக்கும். கட்டளை கொடு, காத்திருக்கிறேன் என்று அர்த்தம். ‘நட’ என்று முணுமுணுத்தால் உடல் நடக்கும். தூசி அடைத்துக் கை மரத்துப்போனால் ‘கழற்று’ என்றால் போதும், கழன்று விழும். வேறு கை மாட்டிக்கொள்ளலாம்.

ஒரே சங்கடம், சொந்த உடம்புக்குத் திரும்பினாலும் அதே அம்புக்குறிதான். பார்வையும் காதும் தெளியச் சற்று நேரமாகும். அதுவரை இருட்டில் அது மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். போன தை மாதம் அப்படித் திரும்பிய சுடலைமணி, ஒருக்களித்துப் படுத்ததில் இடக்கை மரத்திருப்பதை உணர்ந்தான். இன்னும் நிலவில்தான் இருக்கிறோம் என்று நினைத்து, ‘இடக்கையைக் கழற்று’ என்றான். கை விழவில்லை. நரம்புகள் மட்டும் விட்டுப்போயின. சதையைத் திரும்ப மாட்டுவதற்குக் கட்டளை கிடையாது என்று மருத்துவர் வருத்தத்தோடு சொன்னார்.

மிச்சம் ஒரு கையும் இரண்டு கால்களும் இருந்தன. அவற்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வடிவு நினைத்தாள்.

கூடு திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று அதன் முகப்பில் எழுதியிருந்ததை அவள் நம்பிவிட்டாள். உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டு ஒரே ஒரு வரி அனுப்பினாள். அம்புக்குறிக்கு முன்னால் ‘நிலா உடல்’ என்றோ ‘சொந்த உடல்’ என்றோ தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

முதல் திருத்தத்துக்கு நன்றி என்று முதலில் ஓர் இயந்திரம் அவளை வாழ்த்தியது. பிறகு மனிதர்கள் வந்தார்கள்.

திருத்தங்களை ஏற்பதும் தள்ளுவதும் தலைமைப் பராமரிப்பாளர் முனைவர் பூவராகனின் கையில். அவர் செவ்வாய்வாசி. கூட்டின் முதல் வரியை எழுதியவர். எழுதிய நாளிலிருந்து தன் சாய்வு நாற்காலியையும் சொந்த உடலையும் விட்டு எங்கும் போகாதவர். அவர் எழுதினார்: “தான் எந்த உடலில் இருக்கிறோம் என்று அறியாதவருக்காகக் கூடு எழுதப்படவில்லை. வெற்றுக் குறியின் எளிமையே நம் தத்துவம்.” கிரகங்கள் தோறும் கைதட்டினார்கள்.

வடிவு பதில் போட்டாள்: “ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கை போயிருச்சு.”

“சொந்தக் கதைகளைத் தவிர்க்கவும். நடத்தை விதிகளை வாசித்தீர்களா?”

வாசித்தாள். அதற்குள் உடலின் பெயரைக் காட்டும் எழுத்து மஞ்சளா நீலமா என்று சண்டை தொடங்கியிருந்தது. பெயருக்கும் குறிக்கும் நடுவே இடைவெளி கூடாது என்றவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறி ‘புதுக்கூடு’ கண்டார்கள். அதிலும் உடலின் பெயர் தெரியாது. அதே வாரம், இதயத் துடிப்பை இயக்கும் பகுதியை அடியோடு மாற்றி யாரோ அனுப்பிய பிரம்மாண்டமான திருத்தத்துக்கு ஒரே ஒரு கருத்து வந்தது: “நன்று.” அது அன்றே சேர்க்கப்பட்டது.

“ஏட்டி, இன்னும் அந்தச் செவ்வாய்க்காரன்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டா இருக்க?” என்றான் சுடலைமணி, ஒற்றைக் கையால் சோறு பிசைந்தபடி.

“மஞ்சளா நீலமான்னு கேக்காங்க.”

“பச்சைன்னு சொல்லிப் பாரு. மூணாவதா ஒரு கட்சி முளைக்கும்.”

ஐப்பசியில் திருத்தம் ஏற்கப்பட்டது. நிறம் சாம்பல். யாருக்குமே பிடிக்காததால் அதுவே நடுநிலை என்று பூவராகன் தீர்ப்பளித்திருந்தார். வடிவு வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

“புதுப் பதிப்பு வந்துட்டாம். எனக்கு இன்னும் வரல. ஒங்க கண்ணுல காட்டுதா?”

“ஒரு வாரமா காட்டுதே.”

“போட்டீங்களா?”

“‘பிறகு’ன்னு ஒண்ணு இருக்குல்லா, அதைச் சிமிட்டி விட்டுருவேன்.”

“அதுலதான் நான் எழுதுனது இருக்கு.”

“ஒன் வரி மட்டும் தனியாவா இறங்குது? மொத்தமும் இறங்கணும். அதுவரைக்கும் கண்ணு தெரியாதாம். ஷிஃப்டுக்கு நேரமாச்சு வடிவு. சாயங்காலம் போட்டுக்கிடுதேன், ஒன் மேல சத்தியம்.”

கண்ணைச் சிமிட்டினான். வலையைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டு நிலவுக்குப் போனான்.

வேலை முடியும் நேரத்தில் அவன் உதடுகள் அசைந்தன. “வலது கால்... மரத்துப்போச்சே.” அங்கே பேசுவது இங்கே முணுமுணுப்பாக வருவதுண்டு. அவன் அங்கிருந்து சொல்கிறானா, இங்கே வந்து சேர்ந்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

“என்னங்க, இது வீடு. வடிவு பேசுதேன். ஒண்ணும் சொல்லிராதீங்க.”

அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் வலையை விலக்கி, அந்தக் காலை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றினாள். பற்றி என்ன ஆகப்போகிறது என்று யோசிக்க நேரமில்லை. உதடுகள் மறுபடி பிரிந்தன. அந்தச் சமயம் பார்த்து அவள் கண்ணெதிரே, அவன் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி விரிந்தது. கூடு, புதிய பதிப்பு தயார். இப்போது நிறுவலாமா?

“சனியனே” என்று முனகி, ‘பிறகு’ என்பதைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள் வடிவு.